ஏழேகால் பஸ்ஸில் ஒரு சீட்

தொண்டாமுத்தூரிலிருந்து உக்கடம் போகும் ஏழேகால் டவுன் பஸ் எங்கள் நிறுத்தத்தில் நின்று மூன்று மாதமாகிறது. நிறுத்தினாலும் ஏற முடியாது. படியிலேயே பத்துப் பேர் தொங்குவார்கள். நானோ உக்கடத்தில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிறவள். வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்கள் என்னைத் திட்டித் தீர்த்தார்கள். "சஃபியா, இன்னொரு நாள் லேட்டானா வேற ஆளப் பாத்துக்குவேன்" என்று முதலாளியும் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் சம்பாதிப்பவள் நான் ஒருத்திதான்.

கூடுதலாக ஒரு பஸ் கேட்டு நானே மனு எழுதி, வீடு வீடாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கினேன். அதிசயமாகப் பதில் வந்தது. கூட்டத்தை நேரில் பார்க்க ஓர் அதிகாரி திங்கட்கிழமை அதே பஸ்ஸில் வருகிறாராம். அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லிவிட்டுப் படுத்தேன்.

திங்கட்கிழமை பஸ் வந்தது, நின்றது. ஏறிப் பார்த்தால் நிற்பவர் ஒருவர்கூட இல்லை.

"கூட்டமெல்லாம் எங்கீங்கண்ணா?" என்று கண்டக்டர் கந்தப்பனைக் கேட்டேன்.

"தோப்புக்காரரு தம்பிதுரை சொல்லிப்போட்டாருங்க அம்மணி. ஆபீசர் மொதல் தடவ நம்மூருக்கு வாராரு, நசுங்கிப்போயிருவாரு, இன்னிக்கு ஒரு நா எல்லாரும் பைக்குல போயிக்குங்கன்னு."

அந்தத் தம்பிதுரையே முன்சீட்டில், அதிகாரிக்குப் பக்கத்தில், கையில் இளநீரோடு உட்கார்ந்திருந்தார். எனக்குத் தலைக்கேறிவிட்டது.

"ஏனுங்க, கூட்டத்தப் பாக்க வந்தவருகிட்ட கூட்டத்த ஒளிச்சு வெச்சா பஸ் எப்படீங்க கெடைக்கும்? உங்க மரியாதையில எம்பட வேலையே போகப்போகுதுங்க!"

அவர் முகம் சுண்டிப்போயிற்று. "அட ஆமாங்க அம்மணி. அத நான் நெனைக்கலீங்களே."

அதிகாரி சீனிவாசலு குனிந்து பார்த்தார். அவர் மடியில் ஏழு சாப்பாட்டுப் பைகள் அடுக்கியிருந்தன. காலி சீட்டுகளிலும் தரையிலும் பை மேல் பை. "இவ்வளவும் யாருதுங்க?" என்றார்.

கந்தப்பன் நெளிந்தார். "பைக்குக்கு மூணு பேரா போறாங்க சார், பை வெக்க எடமில்ல. சன்னல் வழியா குடுத்துட்டாங்க. தெனமும் நிக்கறவங்க பை உக்காந்திருக்கறவங்க மடியிலதாங்க. அந்தப் பழக்கத்துல உங்க மடியிலயும்..."

அதிகாரி எழுந்தார். பின்சீட்டு வரை போய் ஒவ்வொரு பையாகத் தொட்டு எண்ணினார். ஆள் இருபத்திரண்டு, பை தொண்ணூற்று நான்கு.

"நான் பாக்க வந்த கூட்டம் இதுதானே?" என்று சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். எனக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

உத்தரவு வர மூன்று வாரமாயிற்று. அதுவரை தம்பிதுரை தன் தேங்காய் வேனில் என்னைக் கொண்டுபோய் விட்டார். ஒரு நாள்கூட லேட் இல்லை. வைததற்கு மன்னிப்புக் கேட்டேன். "நல்லா வையோணும் அம்மணி, அப்பத்தான் எனக்கு உறைக்கும்" என்றார்.

புது பஸ் எங்கள் நிறுத்தத்திலிருந்தே புறப்படுகிறது. முதல் நாள் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். எதிர்க்காற்று முகத்தில் பட்டது. அதிகாரிக்கும் தோப்புக்காரருக்கும் மனதாரத் துஆ செய்தேன். கண் நிறைந்துவிட்டது.

டிக்கெட் கிழித்த கந்தப்பன் பதறினார். "ஏனம்மணி அழுகறீங்க?"

"அழுகலீங்கண்ணா. உக்காந்திருக்கறனுங்க."