அண்ணாச்சியின் அபிப்பிராயம்

தேனிச் சந்தைக்குப் பக்கத்தில் பாத்திரக்கடை வைத்திருந்த ஞானசிகாமணிக்கு இரண்டு பெருமைகள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை சபையில் காணிக்கைத் தட்டை ஏந்துகிறவர் அவர். கூடாரக் கொட்டகைக்கு எந்தப் படம் வந்தாலும் சந்தைக்காரர்களுக்கு அபிப்பிராயம் சொல்கிறவரும் அவர். அவர் மட்டம் என்று சொன்ன படத்துக்கும் சனம் வண்டி கட்டிக்கொண்டு போனது. அதை மட்டும் அவர் கண்டுகொள்வதில்லை.

"மனசுல பட்டதப் பட்டுன்னு சொல்லிப்புடுவேன்" என்பார். அவர் மனசில் படுவதெல்லாம் குற்றம்தான். ஒரு படத்தில் காட்டுக்குப் போன ராஜாவின் பின்னால் தந்திக் கம்பம் நின்றதைக் கண்டுபிடித்தவர் அவர். அந்த ஒரு கம்பத்தை வைத்தே ஒரு மாதம் ஓட்டினார். இதையெல்லாம் பின்னாளில் சொல்லிச் சொல்லிச் சிரித்தவரும் அவரேதான் என்பதால், நாமும் கூசாமல் சொல்லலாம்.

இப்படி இருக்கையில் சபைக்குப் புதிதாக வந்த உபதேசியார் ஏசுதாசன், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்ததும் அறிவித்தார். சினிமாக் கொட்டகைக்குள் கால் வைக்கிறவர்கள் இனிமேல் சபையில் எந்தப் பொறுப்பும் வகிக்க முடியாது. சபை முழுவதும் திரும்பி ஞானசிகாமணியைப் பார்த்தது. அவர் கையில் தட்டோடு கூரையைப் பார்த்தார்.

மூன்று வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். நாலாவது வாரம் புதுப்படம் வந்தது. பழனிசெட்டிபட்டியில் பருத்தி போட்டிருந்த ஒச்சாண்டி கடைக்கு வந்து, "படம் நல்லாருக்கு அண்ணாச்சி" என்றான். ஒச்சாண்டிக்கு எல்லாப் படமும் நன்றாகத்தான் இருக்கும். கடையில் நின்ற நாலு பேர் அவன் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டியதைத்தான் ஞானசிகாமணியால் தாங்க முடியவில்லை.

அன்று முழுக்க யோசித்து ஒரு வழி கண்டார். உபதேசியார் சொன்னது கொட்டகைக்குள். கொட்டகைக்குப் பின்னால் இருப்பது சோளக்காடு. சோளக்காட்டில் ஒரு கிறிஸ்தவன் உட்காரக் கூடாது என்று எந்த வேதத்திலும் இல்லை.

புழுக்கத்துக்காகக் கூடாரத்தின் பின்பக்கத் துணியைச் சுருட்டிக் கட்டியிருந்தார்கள். விளக்கை அணைத்து, எழுத்தெல்லாம் போட்டு முடிந்த பிறகு அவர் ஆள் உயரச் சோளத்துக்குள் நுழைந்து உட்கார்ந்தார். திரையின் பின்பக்கம் படம் நன்றாகவே தெரிந்தது. ஒலிபெருக்கிப் பெட்டி காதுக்கு நேராக அலறியது. சோளத்தட்டை முதுகை அறுத்தது, கொசு பிடுங்கியது. ஆனாலும் குற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழ விழ அவருக்கு உடம்பே குளிர்ந்துபோனது.

மறுநாள் காலையில் கடை நிறைய ஆள். ஒச்சாண்டி இருந்தான். கொட்டகை வாசலில் வேர்க்கடலை விற்கும் மூக்கம்மாள் ஓட்டைக் குடத்தை மாற்ற வந்திருந்தாள். சபைக் கிணற்றுக்கு வாளி வாங்க வந்த உபதேசியாரும் ஓரமாக நின்று ஒவ்வொரு வாளியாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் பாக்கல. பாத்தவுக ஒருத்தர் சொன்னாக" என்று ஜாக்கிரதையாகத்தான் ஆரம்பித்தார் ஞானசிகாமணி. பிறகு வாய் நிற்கவில்லை. "மோட்டார் வண்டி ரோட்டுல வலப்பக்கமா போகுதாம். கல்யாணப்பொண்ணு இடதுகால எடுத்து வச்சு வீட்டுக்குள்ள வாராளாம். பூசாரி இடதுகையால துன்னூறு குடுக்காராம். எல்லாத்துக்கும் மேல, கதாநாயகன் பந்தியில உக்காந்து இடதுகையால சோத்தப் பெசஞ்சு திங்கானாம். இதையும் நல்லாருக்குன்னு சொல்ல ஆளிருக்கு."

"வலதுகையாலதான் அண்ணாச்சி சாப்பிட்டான். நான் முன்னாடி மண்ணுல உக்காந்து பாத்தேன்" என்றான் ஒச்சாண்டி.

"இடதுகைங்கிறேன்."

"இல்ல அண்ணாச்சி."

பொய்யைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியாத சுபாவம் உபதேசியாருக்கு. வாளியிலிருந்து தலையைத் தூக்கி, "அண்ணாச்சி சொல்றதுதான் சரி. இடதுகைதான்" என்றார்.

கடையில் நின்றவர்கள் உபதேசியாரைத் திரும்பிப் பார்த்தார்கள். மூக்கம்மாள்தான் வாயைத் திறந்தாள். "திரைக்கு அங்கிட்டு இருந்து பாத்தா வலது இடதால்ல தெரியும். நான் கூடையோட சுத்தி வாரப்ப பாத்திருக்கேன். நீங்க ரெண்டு பேரும் அங்கன என்ன செஞ்சீக?"

உபதேசியாரின் முகம் வெளுத்துவிட்டது. ஞானசிகாமணிக்கோ தப்பிக்க வழி திறந்தே கிடந்தது. பார்த்தவர் ஒருத்தர் சொன்னார் என்று ஏற்கனவே சொல்லியாகிவிட்டது. அந்த ஒருத்தர் உபதேசியார்தான் என்று கைகாட்டினால் போதும், தட்டு கையை விட்டுப் போகாது. ஆனால் உபதேசியாருக்கு வேலை போகும், சபை கொடுத்த வீடு போகும், நாலு பிள்ளைகள் தெருவில் நிற்கும். வார்த்தை உதடு வரைக்கும் வந்துவிட்டது. அதற்காக அவர் சாகிற வரைக்கும் வெட்கப்பட்டார்.

"சோளக்காட்டுல உக்காந்து பாத்தது நாந்தான்" என்றார். "உபதேசியார் நான் சொன்னதக் கேட்டுட்டுச் சொல்றாக."

ஒச்சாண்டி சிரித்த சிரிப்பில் தொங்கிய கரண்டிகள் ஆடின. ஞானசிகாமணிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மூக்கம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. "கை கெடக்கட்டும் அண்ணாச்சி. எம்மக ஊர்ல இருந்து வந்திருக்கா. கூட்டிட்டுப் போகலாம்னு பாக்கேன். கதை என்ன?"

ஞானசிகாமணி வாயைத் திறந்தார். மோட்டார் வண்டி ஞாபகம் வந்தது, கால் ஞாபகம் வந்தது. கதை வரவில்லை. முழுப் படத்தையும் பார்த்தவர் விழித்துக்கொண்டு நின்றார்.

"ஒரு தாய்" என்றார் உபதேசியார் மெதுவாக. ஞானசிகாமணி வேண்டாம் என்று கண்ணைக் காட்டியும் அவர் நிறுத்தவில்லை. "பஞ்சத்துல பிள்ளையச் சத்திரத்துல போட்டுட்டுப் போயிருவா. அவன் பெரியவனாகி வீடு வாசல்னு இருக்கையில, அங்கயே சமையலுக்கு வருவா. நாந்தான் தாயின்னு சொல்ல மாட்டா. அவன் சாப்பிடுறதப் பாத்துக்கிட்டே நிப்பா."

வாளியைக் கீழே வைத்தார். "நானும் சோளக்காட்டுலதான் இருந்தேன். அவன் இடதுகையால சாப்பிட்டதப் பாத்ததும் எனக்குத் தாங்கல. தாயில்லாப் பிள்ளை, எந்தக் கையால சாப்பிடணும்னுகூடச் சொல்லிக்குடுக்க ஆளில்லாம வளந்துருச்சேன்னு அழுதுட்டேன்."

மூக்கம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். வலதுகையைப் பார்த்த ஒச்சாண்டிகூடத் தலையாட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் தானே எழுந்து சபையில் சொல்லிவிட்டார். சபை அவரை மன்னித்தது. தட்டு வேறொருவர் கைக்குப் போனது. தட்டு போனதில் ஞானசிகாமணிக்கு வருத்தம்தான். ஆனால் அதே காட்டில் உட்கார்ந்து, அதே கையை அவரும்தான் பார்த்தார். அந்தப் பிள்ளைக்குத் தாய் இல்லை என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.