மார்ட்டின் வந்ததாக எழுதிய கடிதம்

பனி உருகிச் சேறாகும் மார்ச் மாதக் கடைசியில், அமெரிக்காவின் ஓஹியோவில், காரும் மின்சாரமும் வேண்டாமென்று பழைய முறையில் வாழும் ஆமிஷ் கிறித்தவர்களின் வட்டாரத்தில் இருவர் சந்தித்துக்கொண்டால், நலம் விசாரித்த கையோடு கேட்பது ஒன்றுதான்: "மார்ட்டின் வந்தாச்சா?" மார்ட்டின் என்பது தெற்கே பிரேசிலில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டுத் திரும்பும் ஊதாத் தகைவிலான். அது வரும்வரை, அது கூடு கட்டுவதற்காக முற்றத்துக் கம்பங்களில் தொங்கவிட்ட வெள்ளைச் சுரைக்குடுக்கைகளின் வாய்களை எல்லாரும் தக்கை வைத்து அடைத்தே வைத்திருப்பார்கள். முன்கூட்டித் திறந்தால், ஊரைவிட்டு எங்கும் போகாத சூறைக்குருவியும் சிட்டுக்குருவியும் புகுந்து குடித்தனம் நடத்தத் தொடங்கிவிடும். தூரத்திலிருந்து வந்தவனுக்கு இடமிராது. ஆகவே எப்போது திறப்பது என்பதற்கு, வாரந்தோறும் வரும் செய்தித்தாளில் அந்தந்த வட்டாரத்துக் கடிதக்காரர் எழுதுவதையே பலரும் நம்பியிருந்தார்கள்.

அவ்வட்டாரத்தின் கடிதக்காரர் ஏடின் கிங்ரிச். யாருக்குக் குழந்தை பிறந்தது, யார் ஏணியிலிருந்து விழுந்தார், யார் வீட்டு ஆராதனைக்கு எங்கிருந்து விருந்தினர் வந்தனர் என்பதையெல்லாம் இரு வாரங்களுக்கு ஒருமுறை எழுதி அனுப்புவார். பதினோரு ஆண்டுகளில் அவர் எழுதிய ஒரு தேதியையேனும் தவறென்று எவரும் சொன்னதில்லை. ஆனால் ஒவ்வோர் ஏப்ரலிலும் மைத்துனர் ரோமன் வீட்டு மார்ட்டின்களைப் பற்றியே அவர் எழுத வேண்டியிருந்தது. ரோமனிடம் நாற்பது ஜோடி. ஏடினின் பதினாறு குடுக்கைகளுக்கு ஐந்து ஆண்டுகளாக ஒன்றுகூட வரவில்லை.

அந்த ஆண்டு மார்ச் முப்பதாம் தேதி விடியலில், மூடுபனிக்குள் கம்பத்தின் உச்சியிலிருந்து நீர் கொப்பளிப்பது போன்ற அந்தப் பாட்டு கேட்டது. ஏடின் பால்வாளியைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார். கரிய உருவம் ஒன்று இறகைக் கோதிக்கொண்டிருந்தது. அவர் பூனைபோல் நடந்து போய், கப்பிக்கயிற்றை இழுத்துக் குடுக்கைகள் தொங்கும் அடுக்கை இறக்கி, தக்கைகளை எடுத்துவிட்டு மீண்டும் ஏற்றினார். பறந்து போன பறவை சற்று நேரத்தில் திரும்பியே வந்தது. அஞ்சல் வண்டி ஒன்பதரைக்கு வரும். அதற்குள் கடிதத்தின் கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: 'இவ்வாண்டின் முதல் மார்ட்டின் இன்று காலை எங்கள் முற்றத்துக்கு வந்தது.'

வந்த விருந்தாளி மிரண்டுவிடக் கூடாதே என்று, கம்பத்தின் பக்கம் எவரும் போகக்கூடாது என வீட்டாருக்குச் சொல்லிவைத்தார். அவரும் போகவில்லை. அந்த மரியாதையே அவரைக் கெடுத்தது.

செய்தித்தாள் வெளியாகி, கடைத்தெருவில் நான்கைந்து பேர் கைகுலுக்கியும் முடிந்த திங்கட்கிழமை, துணி உலர்த்திக்கொண்டிருந்த மனைவி சலோமா தொழுவத்தின் வாசலுக்கு வந்து நின்றாள்.

"ஏடின், உன் மார்ட்டின் என் துணிக்கொடிக்கு அடியில நடந்துக்கிட்டிருக்கு."

"மார்ட்டின் தரையில நடக்காது, சலோமா."

"அதைத்தான் நானும் சொல்றேன். நடக்குது, புழுவைக் கிண்டித் தின்னுது, மூக்கு வேற மஞ்சளா இருக்கு. வந்து பாரு."

ஏடின் போய்ப் பார்த்தார். குட்டை வாலும் புள்ளி உடம்புமாக ஒரு சூறைக்குருவி, நிலத்துக்குச் சொந்தக்காரர்போல் புல்லில் நடை போட்டது. பிறகு கம்பத்தில் ஏறி, மார்ட்டினின் பாட்டை அச்சு அசலாக எடுத்துவிட்டது. கேட்டதையெல்லாம் தன் பாட்டில் சேர்த்துக்கொள்ளும் பறவை அது. ரோமன் வீட்டுப் பக்கம் வளர்ந்திருக்கும். அடுக்கை இறக்கினால், மூன்றாம் குடுக்கை நிறைய வைக்கோலும் கோழியிறகும் இருந்தன.

"ஒரு திருத்தம் எழுதிடு, போதும்," என்றாள் சலோமா.

"எழுதுறேன்."

"எப்போ?"

"அடுத்த கடுதாசியில. அதுக்குள்ள நிஜமாவே ஒண்ணு வந்துட்டா, சொல்றதுக்கும் கொஞ்சம் வசதியா இருக்கும்ல."

சலோமா அவரை ஒரு பார்வை பார்த்தாள். "தப்புக்கு வசதி வேற பண்ணிக் குடுக்கிறியா?" என்று கேட்டுவிட்டுத் துணிக்கூடையை எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த கடிதம் போனது, திருத்தம் போகவில்லை. அதற்கடுத்த கடிதமும் அவ்வாறே. மாறாக, தவறை உண்மையாக்கிவிடும் முயற்சியில் ஏடின் முழுமூச்சாக இறங்கினார். சூறைக்குருவியின் கூட்டைக் கலைத்தார். அது மறுபடி கட்ட, மறுபடி கலைத்தார். குடுக்கைகளின் வட்ட வாய்கள்மேல் பிறை வடிவத் துளையிட்ட பலகைகளைப் பொருத்தினார். மார்ட்டின் தவழ்ந்து நுழைந்துவிடும் அந்தச் சந்தில், நெஞ்சு பருத்த சூறைக்குருவி நுழைய முடியாது. ஆனால் சிட்டுக்குருவிக்கு எந்தச் சந்தும் கோட்டைவாசல்தான். அதற்கு மாலைதோறும் அடுக்கை இறக்கி, அன்றன்று சேர்த்த புல்லை அன்றன்றே அள்ளிப்போட வேண்டியிருந்தது. வெள்ளை வயிற்றுத் தகைவிலான் ஜோடி ஒன்றும் வந்து உரிமை கோரியது. பாதுகாக்கப்பட்ட பறவை என்பதால் அதன் கூட்டைக் கலைக்கச் சட்டம் இடங்கொடாது; ஏடினுக்கும் மனம் வரவில்லை. முட்டையிடுமுன்னரே அவற்றுக்கென்று வேலியோரம் தனிப் பெட்டி ஒன்றை நட்டு, அவை அதில் குடிபுகும்வரை குடுக்கைகளை மூன்று நாள் அடைத்து வைத்தார். குடிபுகுந்ததும், தம் இனத்தார் வேறெவரும் அண்டாதபடி அவையே காவல் காத்தன.

வீடுவீடாக முறைவைத்து நடக்கும் ஆராதனை, மே மாத இரண்டாம் ஞாயிறு ஏடின் வீட்டில். நூற்றைம்பது பேர் வருவார்கள். அத்தனை பேர் கண்ணும் கம்பத்தின்மேல்தான் விழும். சொன்னால் நம்புவது கடினம், அதற்கு முந்தைய வியாழனன்று உண்மையான மார்ட்டின் வந்துவிட்டது. சாம்பல் மார்புடைய, சென்ற ஆண்டு பிறந்த இளம் ஆண். மறுநாள் ஒரு பெண்ணும் சேர்ந்துகொண்டது. ஏடின் இம்முறை இரண்டு தரம் அல்ல, இருபது தரம் பார்த்தார்.

"அப்பாடா," என்றார் மனைவியிடம்.

"என்ன அப்பாடா?" என்றாள் சலோமா. அவ்வளவுதான்.

ஞாயிறன்று மூன்று மணி நேர ஆராதனை முடிந்து, ரொட்டியும் வேர்க்கடலை வெண்ணெயும் பீட்ரூட் ஊறுகாயும் உண்டபின், ஆண்கள் காப்பிக் கோப்பைகளோடு தொழுவத்தருகே கூடினார்கள். இளம் மார்ட்டின் அவர்கள் தலைக்குமேல் வட்டமிட்டுக் குடுக்கைக்குள் தவழ்ந்தது.

"ஒத்துக்கிறேன்ப்பா," என்றார் ரோமன். "என் வீட்டுக்குப் பதிமூணு நாள் கழிச்சுத்தான் வந்துச்சு. உன் வீட்டுச் சாப்பாடு அவ்வளவு ருசின்னு அதுக்கு எப்படித் தெரிஞ்சுதோ."

எல்லாரும் சிரித்தார்கள். ஏடினும் பொதுவாகச் சிரித்துவைத்தார். பறவை மேலே இருக்கிறது. யார் தேதியைக் கேட்கப்போகிறார்கள்?

அப்போது, பக்கத்து வட்டாரத்திலிருந்து விருந்தாக வந்திருந்த டோபியாஸ் மாஸ்ட் என்பவர் மெதுவாகப் பேசினார். குதிரைக்கு லாடம் அடிப்பவர், பேச்சு குறைவு.

"உன் கடுதாசியைப் பாத்துட்டுத்தான் நானும் அன்னிக்கே தக்கையை எடுத்தேன், ஏடின். மறுநாளே மக பிரசவத்துக்குன்னு இண்டியானா போயிட்டோம். திரும்பி வந்து பாத்தா கிட்டத்தட்ட அத்தனையிலும் சிட்டுக்குருவி. பழைய மார்ட்டின்கள் வந்து ரெண்டு நாள் சுத்திப் பாத்துட்டுப் போயிடுச்சாம். போன வருஷம் பதினாலு ஜோடி. இந்த வருஷம் மூணு." கோப்பையைப் பார்த்தபடி சேர்த்துக்கொண்டார்: "நான் வீட்டுல இருந்திருக்கணும். என் தப்புதான்."

ஏடின் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். தம் தவறு தம் முற்றத்துக்குள்ளேயே இருக்கிறது என்றுதான் இத்தனை நாள் எண்ணியிருந்தார். அது வேலி தாண்டிப் போய் இன்னொருவர் முற்றத்தைக் காலி செய்திருந்தது. அந்த மனிதரோ பழியைத் தம் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டு நிற்கிறார்.

"உன் தப்பு இல்ல, டோபியாஸ்," என்றார். "நான் எழுதினது மார்ட்டின் இல்ல. அது சூறைக்குருவி. இது வந்து மூணு நாள்தான் ஆகுது."

ஒரு குதிரை கால் மாற்றி நின்றது.

"எப்போ தெரிஞ்சுது உனக்கு?" என்று கேட்டார் டோபியாஸ்.

"பத்திரிகை வந்த நாலாம் நாளே. ரெண்டு கடுதாசி எழுதிட்டேன் அதுக்கப்புறம். ரெண்டுலயும் சொல்லல."

"நாலாம் நாள் நான் இண்டியானாவுல இருந்தேன்," என்றார் டோபியாஸ், கணக்குப் போடுபவர்போல. "சொல்லியிருந்தாலும் எனக்கு எட்டியிருக்காது. ஆனா மத்தவங்களுக்கு எட்டியிருக்கும்."

"ஆமா," என்றார் ஏடின்.

ரோமன்தான் தொண்டையைச் செருமினார். "அப்போ இத்தனை நாளா நான் பொறாமைப்பட்டது ஒரு சூறைக்குருவியைப் பாத்தா?" என்றார். இரண்டொருவர் சிரித்தார்கள், டோபியாஸ் சிரிக்கவில்லை. ஆனால் கம்பத்தைச் சுற்றி ஒரு நடை வந்து, பிறைப் பலகைகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிரவே ஏடின் திருத்தத்தை எழுதினார். வாசகப் பெருமக்கள் தம்மைப் பொறுத்தருள வேண்டும் என்று மூன்று பத்தி. சலோமா படித்துப் பார்த்து, "இது மன்னிப்பா, பிரசங்கமா? அது மார்ட்டின் இல்ல, தெரிஞ்சும் சொல்லல, அவ்வளவுதானே?" என்றாள். மூன்று பத்தி இரண்டு வரியாயிற்று.

மறுநாள் பால் கறந்தபின், கூடுதலாகச் செய்துவைத்திருந்த பதினெட்டு பிறைப் பலகைகளையும் ஒரு காலிச் சாக்கையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு டோபியாஸ் வீட்டுக்குப் போனார். இருவருமாக அடுக்கை இறக்கி, மார்ட்டின் இருந்த மூன்றையும் தொடாமல், மற்றவற்றிலிருந்து புல்லை அள்ளிவிட்டுப் பலகைகளைப் பொருத்தினார்கள். சாக்கு நிறைந்தது. சிட்டுக்குருவிகள் கூரையில் வரிசையாய் உட்கார்ந்து திட்டிக்கொண்டேயிருந்தன.

"நாளைக்கே திரும்பக் கட்டிடும்," என்றார் டோபியாஸ்.

"நாளைக்கும் வர்றேன். ஜூன் வரைக்கும், வாரத்துக்கு மூணு நாள். இன்னும் குட்டி மார்ட்டின்கள் ஊர் சுத்திக்கிட்டுத்தான் இருக்கும். இடம் காலியா இருந்தா ரெண்டு ஜோடியாவது வரும்."

டோபியாஸ் கயிற்றை இழுத்து அடுக்கை ஏற்றினார்.

"அடுத்த வருஷமும் உன் கடுதாசியைப் பாத்துத்தான் திறக்கணும்," என்றார், கயிற்றை முடிந்தபடி. "எங்க வட்டாரத்துல எழுதுறவருக்குக் காக்காய்க்கும் கோழிக்குமே வித்தியாசம் தெரியாது. அதனால நீ கொஞ்சம் கிட்டப் போய்ப் பாத்துட்டு எழுது."