கடைசி ஏட்டின் ஒற்றை வரி

தானா ஏரியின் அகன்ற நீர்ப்பரப்பில் இளவெயில் ஏற, நாணற்படகுகள் கரையொதுங்க, தீவின் உச்சியில் வட்டக்கோயிலின் கூரைமேல் நறும்புகை தவழ்ந்த அந்தக் காலையில், அறிவிற் சிறந்தீர், ஏட்டறைக் காவலரான துறவி எங்கிதாவின் நெஞ்சில் பத்தொன்பது ஆண்டுப் பகை கனன்று எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? அவர் மடியில் கிடந்தது அவருடைய அண்ணன் மெலாக்கு ஆட்டுத்தோலைப் பதப்படுத்தி, நாணற்கோல் கொண்டு நான்காண்டு எழுதிய வேண்டுதல் நூல். எதிரே நின்றவன் அதைப் பறித்துச் சென்ற படைத்தலைவன் செலெக்கே. அன்று மறித்த மெலாக்குவை ஈட்டிக்காம்பால் அடித்தே கொன்றான். அதோடு விட்டானா பாவி? முகப்பேட்டில் "உன் அடியான் மெலாக்குவுக்கு இரங்கு" என்றிருந்ததில் அப்பெயரைச் சுரண்டித் தன் பெயரை எழுதுவித்தான். இன்று நோயுற்று, நடை தளர்ந்து, நூலைத் தானே கொண்டுவந்து, துறவியரை 'அப்பா' என்றழைக்கும் வழக்கப்படி கெஞ்சினான்.

"புத்தகத்தத் திருப்பிக் குடுத்துட்டேன் அப்பா. என் பேர மட்டும் அழிச்சிடாதீங்க. நான் செத்தப்புறமும் எனக்காக வேண்டிக்கணும்."

"எங்கேர்ந்து அழிக்கிறது? இன்னொரு தரம் சுரண்டினா தோலே கிழிஞ்சிடும். கவலப்படாதே, இன்னிக்கே உம் பேரப் படிக்கிறேன்."

நூலெங்கும் எழுத்து நிறைந்திருக்க, கடைசி ஏட்டில் நூலைத் திருடுவோர்க்கு வழக்கமாய் இடும் சாபமொழியின் கீழ் ஒரே ஒரு வரிக்கு இடமிருந்தது. அண்ணன் பெயரை மீட்டு எழுத நினைத்துக் கோலெடுத்தார் எங்கிதா. செலெக்கேயின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். "அக்கள்வன் செலெக்கே" என்று கரிய மையால் எழுதிவிட்டார்.

வழிபாட்டில், துறவியர்க்கே விளங்கும் பழந்திருமொழியில், அச்சாபத்தை அவ்வரியோடு உரக்கப் படித்தார். எல்லாரும் "ஆமென்" என்றனர். தன் பெயர் காதில் விழுந்த களிப்பில் செலெக்கே எல்லாரினும் உரக்கச் சொன்னான்.

"நல்லா சொன்னேனா அப்பா?"

"ரொம்ப நல்லா சொன்னே. நான் படிச்சது வேண்டுதல் இல்லடா, சாபம். இந்த நூலைத் திருடினவனுக்கு வானத்து வாசல் தெறக்கவே கூடாதுன்னு படிச்சேன். வருசா வருசம் படிப்போம்."

"ஐயோ! அழிங்கப்பா, என் பேர எல்லாத்தையும் அழிங்க!"

"நான் ஏட்டுக் காவக்காரன். எழுதினத அழிக்க மாட்டேன்."

அவன் அழுதுகொண்டே படகேறினான். எங்கிதா நூலைத் தோலுறையிலிட்டு சுவர்முளையில் மாட்டினார். பழி தீர்ந்தது, பெரியீர். ஆயின் அந்நூலில் எங்குத் தேடினும் மெலாக்குவின் பெயர் இல்லை. இருந்த ஒரு வரியையும் தம்பியே, அண்ணனைக் கொன்றவனுக்குக் கொடுத்துவிட்டார்.