முப்பத்தெட்டாம் பிரிவும் மணமகன் அறையும்

ஆடி மாதத்தில் கல்யாண மண்டபத்துக்காரனுக்கு ஈ ஓட்டுவதைத் தவிர வேறு வேலை கிடையாது. அதனால்தான், காட்டாங்குளத்தூரில் கல்லூரிப் பேராசிரியராக இருக்கும் கேஷவ் வந்து, தெல்மாரா என்ற தீவு நாட்டின் உள்நாட்டுப் போரை முடித்துவைக்க ஒரு மாதத்துக்கு மண்டபம் வேண்டும் என்றபோது, ஊரப்பாக்கம் முனிரத்தினம் மகால் மேனேஜர் தனக்கோடி கேட்டது ஒரே கேள்விதான்.

"வெஜ்ஜா, நான்வெஜ்ஜா சார்?"

அந்த நாட்டு மொழி தெரிந்த நடுவரான கேஷவ் விளக்கினார். கடலோரத்துக்காரர்கள் கையில் அரசாங்கம் இருக்கிறது, மலைக்காரர்கள் கையில் துப்பாக்கி இருக்கிறது, இருபத்தேழு வருஷமாகச் சண்டை. இரு தரப்பும் உட்கார்ந்து புதிய அரசியலமைப்புச் சட்டம் ஒன்றை எழுதினால்தான் சமாதானம். அதற்குப் பொதுவான இடமாக வேண்டும். நகரத்துப் பெரிய ஓட்டல்கள் எதுவும் சரிப்படவில்லை. ஒன்றின் வாசலில் சிங்கம் இருந்தது. சிங்கம் அரசாங்கத்தின் சின்னம். இன்னொன்றில் கம்பளம் பச்சை. பச்சை மலைப்படையின் கொடி. முனிரத்தினம் மகால் சுவரில் இரண்டு யானைகளோடு கஜலட்சுமி மட்டும்தான் இருந்தாள். அவள்மேல் யாருக்கும் ஆட்சேபணை இல்லை.

தனக்கோடி ஒரே ஒரு நிபந்தனை விதித்தார். போரோ சமாதானமோ, எதுவானாலும் ஆடியோடு முடிந்துவிட வேண்டும். ஆவணி முதல் முகூர்த்தம் அவருடைய மகள் வினிதாவின் கல்யாணம். மாடாய் உழைத்ததற்கு முதலாளி முனிரத்தினம் அந்த ஒரு முகூர்த்தத்தை அவருக்கு இனாமாக விட்டிருந்தார். அது தவறினால் தை வரைக்கும் மண்டபம் கிடையாது. மாப்பிள்ளை வீட்டார் தை வரைக்கும் காத்திருக்கும் ரகமும் இல்லை.

தெல்மாராக்காரர்கள் வந்து இறங்கினார்கள். அரசாங்கத் தரப்பு ஏழெட்டுக் கார்களில் வந்தது. மலைப்படை ஒரே வேனில் நெருக்கியடித்துக்கொண்டு வந்தது. தனக்கோடிக்கு இதற்குமேல் யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. காரில் வந்தவர்களை ஏசி போட்ட மணமகன் அறைக்கு அனுப்பினார். வேனில் வந்தவர்களுக்கு மின்விசிறி மட்டும் உள்ள மணமகள் அறை. கண்ணாடியும் கொண்டை ஊசியும் அங்கேதான் இருந்தன. போதாக்குறைக்கு மலைப்படையின் தளபதி ஒரு பெண்மணி.

மூன்றாம் நாள் தளபதி கதவின் மேலிருந்த பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேஷவிடம் கேட்டார். கேஷவ் யோக்கியர், உள்ளதைச் சொல்லிவிட்டார். பேச்சுவார்த்தை அன்றே முறிந்தது. இன்னொருத்தன் வீட்டுக்கு மருமகளாகப் போவதற்கா இத்தனை வருஷம் காட்டில் கிடந்தோம் என்று மலைப்படை மூட்டை கட்டியது.

தனக்கோடி பதறிப்போய் ஓடிவந்து, ஒரு நாள் இவர்களுக்கு ஏசி, மறுநாள் அவர்களுக்கு ஏசி என்று தீர்த்து வைத்தார். இரண்டு தரப்பும் இதை ஒரு வாரம் அனுபவித்துப் பார்த்தன. பிறகு அதையே பதினோராம் பிரிவாக எழுதிக்கொண்டன: அதிபர் பதவி கடலோரத்துக்கு ஒரு முறை, மலைக்கு ஒரு முறை. சாப்பாட்டில் முதல் பந்தி யாருக்கு என்று அடுத்த தகராறு வந்தது. தனக்கோடி எதிரெதிராக இரண்டு வரிசை போட்டு, இரண்டிலும் ஒரே நேரத்தில் உப்பு வைக்கச் சொன்னார். அது இருபதாம் பிரிவாகி, நாட்டுக்குச் சம அதிகாரமுள்ள இரண்டு அவைகள் கிடைத்தன. மேற்பார்வைக்கு வந்திருந்த வெள்ளைக்காரர்கள் இதற்கு ஊரப்பாக்கம் முறை என்று பெயரிட்டு, அப்பளத்தைப் படம் பிடித்து எங்கெங்கோ அனுப்பினார்கள்.

மேடையில் மணமக்கள் உட்காரும் ராஜா ராணி நாற்காலியில்தான் அரசாங்கத் தரப்புக்குத் தலைமை தாங்கி வந்த அமைச்சரும் தளபதியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார்கள். மண்டபத்துக்குப் பின்னால் மின்சார ரயில் போகும்போதெல்லாம் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. அந்த நேரத்தில் இருவரும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு, ரயில் போனதும் மரியாதையாகத் தொடர்ந்தார்கள். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். அடிப்படை உரிமைகள் பறந்துபோய் இரண்டு தடவை தண்டவாளத்திலிருந்து பொறுக்கிவர வேண்டியிருந்தது.

இதற்கு நடுவே தனக்கோடியின் வீட்டில் வேறொரு பேச்சுவார்த்தை ஓடிக்கொண்டிருந்தது. வினிதா கல்லூரி ஒன்றில் லேப் டெக்னீஷியன். தினமும் ரயிலில் போய் வருபவள், வேலையில் கெட்டிக்காரி. மாப்பிள்ளை தினகரனின் அப்பா அரிகிருஷ்ணன், கூடுவாஞ்சேரியில் வயலை மனையாக்கி விற்று ஆளானவர். கல்யாணம் ஆனதும் மருமகள் வேலைக்குப் போகக் கூடாது என்று அவர் நிச்சயத்துக்குப் பிறகு மெதுவாக அவிழ்த்துவிட்டார். தினகரன் அப்பா சொன்னால் சரி என்றான். பெண் என்றால் அனுசரித்துத்தான் போக வேண்டும் என்றார் தனக்கோடி. ஒத்துவராவிட்டால் திரும்பி வரலாமா என்று வினிதா கேட்டாள்.

"வாழாவெட்டியா வந்து வாசல்ல நிக்காத. மானம் பூடும்," என்றார் அவர். அவள் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. பேச்சு முடிந்துவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டார்.

ஆடி முடிந்தது. போர் முடியவில்லை. முப்பத்தெட்டாம் பிரிவில் வந்து வண்டி நின்றுவிட்டது. ஒத்துவராவிட்டால் பிரிந்து போகும் உரிமை வேண்டும் என்றார் தளபதி. பிரிந்து போகும் வழியைக் காட்டிவிட்டுச் சேர்ந்து வாழச் சொல்வது என்ன நியாயம் என்றார் அமைச்சர். கதவைத் திறந்து வைத்தால் அடுத்த நாளே போய்விடுவார்கள் என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வரவேற்பு நாளும் வந்துவிட்டது. காலையிலேயே வாசலில் வாழைமரம் கட்ட ஆள் வந்து நின்றான். தினகரன், வினிதா என்று பெரிதாக ஃபிளெக்ஸ் பேனர் ஏறிவிட்டது. அதைப் பார்த்த வெள்ளைக்காரர் ஒருவர், இந்த இருவரும் எந்தக் கட்சியின் தலைவர்கள், இவர்களை ஏன் பேச்சுவார்த்தைக்கு அழைக்கவில்லை என்று கேஷவைக் குடைந்தார். உள்ளே சமையல்காரர் அறுநூறு பேருக்கு உலை வைத்துவிட்டார்.

தனக்கோடிக்கு இருப்புக் கொள்ளவில்லை. நேராக மேடை ஏறிவிட்டார். கேஷவைப் பக்கத்தில் நிறுத்தி, தான் சொல்வதை அப்படியே சொல்லும்படி கேட்டுக்கொண்டார். ஊருக்கு உபதேசம் செய்வதில் ஒரு சுகம் இருக்கிறது. அது அன்று அவருக்கு முழுசாக வாய்த்தது.

"சார், நீ கதவ சாத்திவெச்சா அது ஜெயிலு. ஜெயில்ல கீறவன் இன்னா பண்ணுவான்? எந்நேரமும் தப்பிக்கத்தான் பாப்பான். தொறந்து வெச்சுப் பாரு. போவணும்னா போலாம்னு தெரிஞ்சவ, போவ மாட்டா சார். நெஞ்ச நிமித்திக்கினு அங்கியே வாழ்வா. கட்டிக் குடுத்த பொண்ணுக்குப் பொறந்த வூட்டுக் கதவு தொறந்து கீதுன்னா, புருசன் வூட்லயும் மருவாதி தானா வரும்."

கேஷவ் மொழிபெயர்த்தார். அமைச்சர் தனக்கோடியை வெகுநேரம் பார்த்துவிட்டு, உங்களுக்குப் பெண் இருக்கிறாளா என்று கேட்டார். இருக்கிறாள், நாளை காலை அவளுக்குத்தான் கல்யாணம் என்றார் தனக்கோடி.

"அவளிடம் இதைச் சொல்லியிருக்கிறீர்களா? கதவு திறந்திருக்கிறது என்று?"

வாசலில் வாழைமரக்காரன் முறைத்துக்கொண்டு நின்றான். தனக்கோடி அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு அமைச்சரிடம் திரும்பினார்.

"சொல்லிக்கீறேன் சார்."

அமைச்சரின் கண் கலங்கிவிட்டது. அவருக்கும் இரண்டு பெண்கள். ஒரு தகப்பனால் முடிந்தது ஒரு அரசாங்கத்தால் முடியாதா என்று சொல்லி, ஐந்து வருஷம் பொறுத்திருந்து பார்க்க வேண்டும் என்ற ஒரே திருத்தத்தோடு முப்பத்தெட்டாம் பிரிவை ஏற்றுக்கொண்டார். தளபதி எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். மறுநாள் கல்யாணம் முடிந்த கையோடு இருவரும் கையெழுத்திடுவது, தனக்கோடி சாட்சிக் கையெழுத்துப் போடுவது என்று முடிவாயிற்று. எல்லோரையும் வரவேற்புக்கு அழைத்துவிட்டு மேடையை விட்டு இறங்கும்போதுதான், மணமகள் அறை வாசலில் பூக்கூடையோடு வினிதா நிற்பதைத் தனக்கோடி பார்த்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

சாயங்காலம் நாதஸ்வரம் ஆரம்பித்தது. அரிகிருஷ்ணன் உறவினர் படையோடு வந்து மணமகன் அறையைத் திறந்தால், உள்ளே கட்டிலில் மலைப்படை படுத்திருந்தது. முறைப்படி அன்று அவர்களுக்குத்தான் ஏசி. அரிகிருஷ்ணன் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். தளபதி ஒரு வார்த்தை பேசாமல் ஆட்களை எழுப்பிக்கொண்டு வெளியே வந்து, முன்வரிசையில் அமைச்சருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இருபத்தேழு வருஷம் குண்டு மழையில் நின்றவர், மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒரே நிமிஷத்தில் பணிந்துவிட்டார்.

ஆனாலும் அரிகிருஷ்ணனின் சூடு தணியவில்லை. வந்த இடத்தில் மரியாதை குறைந்துவிட்டது, அதை எதிலாவது ஈடு கட்டியாக வேண்டும். ராஜா ராணி நாற்காலியில் தினகரனுக்குப் பக்கத்தில் இருந்த வினிதாவின் முன்னால் போய் நின்றார்.

"கல்யாணத்துக்கு அப்புறம்னு இழுக்க வேணாம்மா. இப்பவே காலேஜுக்குப் போன் போட்டு, வேலைய விட்டுட்டேன்னு சொல்லிடு. நாலு பேர் காதுல விழட்டும்."

மேளம் நின்றுவிட்டது. வினிதா தினகரனைப் பார்த்தாள். அவன் தன் மோதிரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் மைக்செட்காரர் நீட்டி வைத்திருந்த மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"அப்பா, முப்பத்தெட்டாம் பிரிவு அவங்களுக்கு மட்டும்தானா? எனக்கும் இருக்கா?"

ஒலிபெருக்கி வழியாக அது ஜி.எஸ்.டி. ரோடு வரைக்கும் கேட்டது. முன்வரிசையில் அமைச்சர் கேஷவின் பக்கம் சாய்ந்து என்ன நடக்கிறது என்று கேட்டார். கேஷவ் அப்போதும் யோக்கியராகவே இருந்தார். வேலை, போன், மருமகள், கேள்வி எல்லாவற்றையும் ஒன்று விடாமல் மொழிபெயர்த்தார். அமைச்சர் தனக்கோடியை ஏறிட்டுப் பார்த்தார். தளபதியும் பார்த்தார். நாளை கையெழுத்திட வேண்டிய இரண்டு பேர்.

தனக்கோடி மனசுக்குள் கணக்குப் போட்டார். ஆமாம் என்றால் கல்யாணம் நின்றுவிடும். இல்லை என்றால் காலையில் மேடை ஏறிச் சொன்னது பச்சைப் பொய் என்றாகி, தெல்மாராவில் நாளையே துப்பாக்கி வெடிக்கும். ஆவணி முதல் முகூர்த்தம், வாழைமரம், அறுநூறு இலை, முதலாளியின் முகம் எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்து போயின. கடைசியில் மகளின் முகம் வந்தது. சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டு, அழலாமா வேண்டாமா என்று அவரைப் பார்ப்பாளே, அதே முகம்.

"கீதும்மா," என்றார். "வூட்டுக் கதவு தொறந்துதான் கீது. வா."

வினிதா மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு இறங்கி வந்தாள். அரிகிருஷ்ணன் கத்திய கத்தலில் பாதி, செங்கல்பட்டுக்குப் போன ரயிலில் அமுங்கிவிட்டது. மீதியைக் கேஷவ் மொழிபெயர்க்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வண்டி ஏறிப் போனதும் மண்டபம் பாதி காலியாகிவிட்டது. வந்த சொந்தக்காரர்களுக்கு அழுவதா சாப்பிடுவதா என்று தெரியவில்லை.

முதலில் எழுந்தவர் அமைச்சர். எதிரெதிர் வரிசை வேண்டாம், இன்றைக்கு ஒரே பந்தியாகப் போடச் சொன்னார். மலைக்காரர்களும் கடலோரத்துக்காரர்களும் மாறி மாறி உட்கார்ந்து, சாப்பிடாமல் போன சம்பந்தி வீட்டாருக்கும் சேர்த்து வெளுத்துக் கட்டினார்கள். மறுநாள் முகூர்த்த நேரத்தில், ஐயர் இல்லாமல், அதே மேடையில் சட்டம் கையெழுத்தாயிற்று. சாட்சி என்ற இடத்தில் 'தனக்கோடி, மேனேஜர்' என்று தமிழில் இருக்கிறது. நாடு சேர்ந்தது. கல்யாணம்தான் நின்றது.

அவர்கள் கிளம்பிப் போன பிறகு, கழற்றிய பேனரின் மேல் அப்பாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். தனக்கோடியால் அதற்குமேல் அடக்கி வைக்க முடியவில்லை.

"நேத்து மேடையில அந்த மினிஸ்டராண்ட நான் பொய் சொன்னேம்மா. உன்கிட்ட நான் அப்பிடிச் சொல்லவே இல்ல."

"தெரியும்ப்பா," என்றாள் வினிதா. "அதான் அவரை வெச்சுக்கிட்டே கேட்டேன்."

தனக்கோடி கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாளைக்கு எத்தனை மணி ரயிலுக்குப் போக வேண்டும் என்று கேட்டார்.