கருநீலத் துணி ஓடிய வாரம்

‘மார்ச் 11, செவ்வாய். ஒரு தவறு. அண்ணியின் முழங்கை உயரத்தை அளந்த நாடாவின் முனையில் அரை அங்குலம் அறுந்திருந்தது. நான் கவனிக்கவில்லை. அதனால் மேசை அரை அங்குலம் கூடுதலாக ஏறியிருக்கிறது.’

நோட்டில் எழுதியதைப் படித்துவிட்டு, அவள் ‘கவனிக்கவில்லை’ என்பதன் கீழே கோடு போட்டாள். பகலில் ஓர் ஆயத்த ஆடை ஆலையில், தைத்து வரும் சட்டைகளைச் சரிபார்க்கும் வேலை; மாலையில், உடம்புக்கேற்றபடி வேலையிடத்தை வடிவமைக்கும் வகுப்பு. வகுப்பில் படித்ததை அவள் முதலில் செய்து பார்த்தது, அதே ஆலையில் காலர் தைக்கும் தன் அண்ணியின் மெஷினில்தான். கழுத்தும் தோளும் வலிக்காமலிருக்க மேசையை உயர்த்தினார்கள். முதல் வாரம் அண்ணி நிமிர்ந்து உட்கார்ந்து மணிக்கு அறுபது காலர் தைத்தாள். இந்த வாரம் பழைய குருடி கதவைத் திறடி என்று மறுபடியும் குனிந்தாள். வலியும் திரும்பியது. எண்ணிக்கை நாற்பத்தைந்தில் நின்றது.

“மேசையை மாத்தியும் அறுபது இல்லையா?” என்ற சூப்பர்வைசர் சுற்றி வளைக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் அறுபது வராவிட்டால் அண்ணி நூல் வெட்டும் மேசைக்குப் போக வேண்டும். பன்னிரண்டு வருடம் மெஷினில் உட்கார்ந்தவளுக்கு அது இறக்கம்தான்.

புதன்கிழமை காலையில் அவள் மெக்கானிக்கிடம் போய் நின்றாள்.

“அரை அங்குலம் இறக்கணும்ண்ணே.”

“ஏத்தச் சொன்னதும் நீ, இறக்கச் சொல்றதும் நீ. இது மேசையா, ஊஞ்சலா, இன்ஜினியரம்மா?” என்றபடியே போல்ட்டைத் தளர்த்தினார்.

மேசை இறங்கியது. அண்ணியின் தலை ஏறவில்லை. மாலையில் எண்ணிப் பார்த்தால் மணிக்கு அதே நாற்பத்தைந்து.

வேலியில் போன ஓணானை எடுத்து அண்ணியின் தோளில் விட்டுவிட்டோமோ என்று இரவெல்லாம் தன்னையே குடைந்துகொண்டிருந்தாள். வியாழக்கிழமை அனுமதி கேட்டு, அண்ணியின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள்.

“உங்க அண்ணன்கூட என்னை இவ்வளவு நேரம் உத்துப் பார்த்ததில்ல” என்றாள் அண்ணி.

பக்கத்து மெஷின்காரி சிரித்துச் சிரித்து நூலை அறுத்துவிட்டாள்.

அண்ணி துணியை எடுக்கும்போது நிமிர்ந்துதான் இருந்தாள். மடிக்கும்போதும் அப்படியே. ஊசி துணியில் இறங்கும் நேரத்தில்தான் தலை கீழே போனது.

“அப்ப மட்டும் ஏன் அண்ணி குனியிறீங்க?”

“ஊசி தெரிய வேணாமா? விரல்லயா ஏத்திக்க முடியும்?”

“போன வாரம் தெரிஞ்சுதே?”

“போன வாரம் ஓடினது வெள்ளை. இது கருநீலம், நூலும் கருநீலம். மெஷின் நிழல் வேற. எருமை முதுகுல எறும்பைத் தேடுற கதை.”

“முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?”

“நீ கேட்டியா? முழங்கை எங்க, முழங்கால் எங்கன்னு அளந்தே. கண்ணைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டியா?”

அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. எழுந்து போய், தன் சரிபார்க்கும் மேசையில் திருகியிருந்த விளக்கைக் கழற்றி வந்து ஊசிக்குப் பக்கத்தில் பொருத்தினாள். அண்ணி இரண்டு காலர் தைத்தாள். மூன்றாவதற்குத் தலை பாதிதான் இறங்கியது. சாயங்காலம் மணிக்கு ஐம்பத்து மூன்று.

வெள்ளிக்கிழமை சூப்பர்வைசர் கடிகாரத்தோடு வந்து நின்றார். ஒரு மணி நேரம் கழித்து எண்ணினார். ஐம்பத்தொன்பது.

“ஒண்ணு குறையுதே.”

“அறுபது வெள்ளைத் துணிக்கு சார். கருநீலத்துல யாராவது ஐம்பது தாண்டியிருந்தா காட்டுங்க, நானே கத்திரியை எடுத்துக்கிட்டுப் போறேன்” என்றாள் அண்ணி.

அவர் வரிசையைப் பார்த்தார். மற்ற ஏழு முதுகுகளும் வளைந்திருந்தன. கையிலிருந்த எண்ணிக்கைத் தாளைப் புரட்டினார். யாரும் ஐம்பதைத் தொடவில்லை.

“சரி, இங்கேயே இரு” என்றார். பிறகு அண்ணிக்குப் பக்கத்தில் நின்ற அவள் பக்கம் திரும்பி இரண்டு சட்டைகளை நீட்டினார். “இதுல தையல் விட்டிருக்கு. நீ பாஸ் பண்ணினது.”

விளக்கில்லாத மேசையில் பார்த்த சட்டைகள். இரண்டையும் வாங்கிக்கொண்டாள்.

‘மார்ச் 14, வெள்ளி. அண்ணி மெஷினிலேயே இருக்கிறாள். கழுத்து வலி குறைவு என்கிறாள். என்னைச் சமாதானப்படுத்தச் சொல்கிறாளோ தெரியவில்லை. நான் தவறவிட்டவை இரண்டு சட்டைகள். நாளை: ஸ்டோரில் எட்டு விளக்குகள் கேட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். வரிசையில் மற்ற ஏழு பேருக்கு ஏழு, என் மேசைக்கு ஒன்று.’