பத்து நாள் தொண்டைக்கட்டு

சித்திரை பிறந்துவிட்டால் திண்டுக்கல்லில் எல்லாருக்கும் எங்காவது போக வேண்டியிருக்கும். வாத்தியார்கள் மாமியார் வீட்டுக்குப் போவார்கள். பூட்டுக் கம்பெனிக்காரர்கள் குடும்பத்தோடு திருச்செந்தூர்க் கடலைப் பார்க்கப் போவார்கள். மெல்லிசைக் குழுக்காரர்கள் மட்டும் எங்கேயும் போக முடியாது. ஊர் ஓய்வெடுக்கிற அந்த இரண்டு மாதம்தான் அவர்களுக்கு உழைப்பு. காளியம்மன் பொங்கல், கல்யாண வரவேற்பு, காதுகுத்து என்று எட்டுப் பேரும் நான்கு ஸ்பீக்கர் பெட்டிகளும் ஒரே வேனுக்குள் அடைந்துகொண்டு இன்றைக்கு நிலக்கோட்டை, நாளைக்கு வேடசந்தூர் என்று ஓடிக்கொண்டிருப்பார்கள்.

முனீஸ்வரி அப்படிப் பதினோரு கோடை ஓடியவள். 'சிறுமலைத் தென்றல் இன்னிசைக் குழு'வில் பெண் குரல் அவள் ஒருத்திதான். சோகப் பாட்டுக்கும் அவள்தான், குத்துப் பாட்டுக்கும் அவள்தான், ஊர்ப் பெரியவர்கள் கேட்கும் பக்திப் பாட்டுக்கும் அவள்தான். புருஷன் ஈஸ்வர் லாரி டிரைவர். வெங்காய லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் மூன்று வாரம் கழித்துத்தான் வீட்டுக் கதவைத் தட்டுவான். ஆகவே மே மாதத்து வெக்கையில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஓட்டு வீட்டில், பாட்டு இல்லாத பகலெல்லாம் அவள் தனியாக விசிறிக்கொண்டு கிடந்தாள்.

அந்த நேரத்தில்தான் தமிழ்மதியின் கடிதம் வந்தது. சின்னாளப்பட்டிப் பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவள், கொடைக்கானல் தபாலாபீசில் வேலை பார்க்கிறவள். வருஷா வருஷம் கூப்பிடுவாள். இந்தத் தடவை ஒரு வரி கூடுதலாக எழுதியிருந்தாள்: ராத்திரி இரண்டு கம்பளி போர்த்தியும் குளிர் தாங்கவில்லையாம். முனீஸ்வரி அந்த வரியை மூன்று தடவை படித்தாள். தோழி மேல் கோபம் கோபமாக வந்தது. போயே தீருவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

குழுத் தலைவர் ராயப்பராஜிடம் லீவு கேட்பது சும்மா இல்லை. ஐம்பது வயது, அக்கார்டியன் வாசிப்பார், பல்லைக் கடித்துக்கொண்டே சிரிப்பார். மே மாதத்தில் செத்தவன் மட்டும்தான் லீவு கேட்கலாம் என்பது அவருடைய சட்டம். அதனால் முனீஸ்வரி சாகாமல் எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போனாள். கொளுத்தும் வெயிலில் கழுத்தைச் சுற்றி ஈஸ்வரின் மப்ளரைக் கட்டிக்கொண்டு ஒத்திகைக்குப் போய், வாயைத் திறந்து காற்றை மட்டும் வெளியே விட்டாள். பிறகு ஒரு சிலேட்டில், டாக்டர் பத்து நாள் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று சொல்லிவிட்டதாக எழுதிக் காட்டினாள்.

தபலா வாசிக்கும் அப்துல் வாஹித் மப்ளரையும் அவள் முகத்தில் வழிந்த வியர்வையையும் மாறி மாறிப் பார்த்தார். ராயப்பராஜ் கத்துவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவரோ சிலேட்டை வாங்கிப் படித்துவிட்டு, செத்த நேரம் யோசித்தார். அப்புறம் குரல் தழுதழுக்க, நடுவில் இருந்த மூன்று கச்சேரிகளையும் வேறு குழுவுக்குத் தள்ளிவிடுவதாகவும், தான் அந்தப் பத்து நாளும் வேளாங்கண்ணிக்குப் போய் அவள் தொண்டைக்காக மெழுகுவர்த்தி ஏற்றப்போவதாகவும் சொன்னார். முனீஸ்வரிக்கு நெஞ்சு உறுத்தியது. இந்த மனுஷனைப் போய் ஏமாற்றுகிறோமே என்று வீட்டுக்கு வரும்வரை நினைத்துக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்ததும் பையில் துணியை அடுக்கினாள்.

மறுநாள் காலை கொடைக்கானல் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்தாள். யாரும் இல்லாத சீட், நல்ல காற்று. மப்ளரை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு மெதுவாக ஒரு பாட்டை முணுமுணுத்தாள். செம்பட்டி வரைக்கும்தான் அந்தச் சுகம்.

செம்பட்டியில் ஏறியவர் ஆண்டிச்சாமி. சித்தையன்கோட்டைக்காரர், காய்கறி வியாபாரி. அது மட்டும் என்றால் பரவாயில்லை. வைகாசிக் கடைசியில் நடக்கும் காளியம்மன் திருவிழாவுக்கு விழாக் கமிட்டித் தலைவரும் அவரே. சிறுமலைத் தென்றலை அவர்தான் புக் செய்திருந்தார். பாட்டுக்காரம்மாவுக்குத் தொண்டை போய்விட்டது, அதற்காக வேளாங்கண்ணிக்குப் போகிறேன் என்று முந்தின நாள்தான் ராயப்பராஜ் அவரிடம் கண்ணீர் விட்டிருந்தார். கூட வந்தவள் அவர் மனைவி ஒச்சம்மாள். கேரட் மூட்டை பிடிக்க அவர் மாதம் இரண்டு தடவை மலைக்குப் போவார். அந்த அம்மாள் மலை ஏறுவது அதுதான் முதல் தடவை. அவள் வந்து முனீஸ்வரியின் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

முனீஸ்வரி மப்ளரைச் சுற்றிக்கொள்வதற்குள் ஆண்டிச்சாமி பார்த்துவிட்டார். பதறிப்போய், பேசவே கூடாத நிலையில் எங்கே பயணம் என்று கேட்டார். அவள் தொண்டையைத் தொட்டாள், மலைப் பக்கம் கையைக் காட்டினாள், மூச்சை இழுத்து விட்டுக் காட்டினாள். ஆஸ்பத்திரி என்றும் புரிந்துகொள்ளலாம், நல்ல காற்று என்றும் புரிந்துகொள்ளலாம். ஒச்சம்மாள் மூன்றாவதாக ஒன்றைப் புரிந்துகொண்டாள்.

"இவுகளைப் பாத்துக்கிட ஆளில்லைங்க. குளிரு ஊருக்குத் தொண்டைக்கட்டோட தனியாப் போறாக."

சொல்லிவிட்டு எட்டி ஜன்னல் கதவை இறக்கினாள்.

வத்தலக்குண்டு தாண்டி, மலை ஏறி, வெள்ளி அருவியைக் கடந்து, வளைவு வளைவாகப் பஸ் போனது. முனீஸ்வரி பதினோரு வருஷம் ஆசைப்பட்ட மலை, அந்த இறக்கிய கதவின் இடுக்கு வழியாக ஒரு விரல் அகலத்துக்குத் தெரிந்தது.

அதோடு போகவில்லை. ஒச்சம்மாள் தமிழ்மதியின் வீடு வரைக்கும் வந்து முனீஸ்வரியை ஒப்படைத்தாள். நோயாளியை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தமிழ்மதிக்கு வாசலிலேயே பாடம் நடத்தினாள். அப்பாவித் தமிழ்மதி, எந்த நோயாளி என்று கேட்கப் போனவள், முனீஸ்வரி காலை மிதித்ததும் வாயை மூடிக்கொண்டாள். ஆண்டிச்சாமி மூட்டைகளோடு மறுநாளே இறங்குவதாகத்தான் இருந்தது. ஆனால் திருவிழாவின் பெண் குரல் பிழைக்க வேண்டுமே. கேரட்டை லாரியில் அனுப்பிவிட்டு அவரும் மனைவியும் தெரிந்த மண்டிக்காரர் வீட்டில் தங்கிவிட்டார்கள்.

காலை ஏழு மணிக்கு ஒச்சம்மாள் ஒரு ப்ளாஸ்க்கோடு வந்துவிடுவாள். சித்தரத்தை, அதிமதுரம், மிளகு, இன்னும் என்னவெல்லாமோ போட்டுக் காய்ச்சிய கசாயம். அதை அவள் கண் முன்னால் குடித்தாக வேண்டும். அப்புறம் தமிழ்மதி தபாலாபீசுக்குப் போனதும் ஆண்டிச்சாமியோடு மூன்று பேருமாக ஊர் சுற்றப் புறப்படுவார்கள். ஏரியில் படகு போனது. காற்று ஆகாது என்று ஒச்சம்மாள் தடுத்துவிட்டாள். ஐஸ்கிரீம் வண்டி வந்தது. அந்தப் பக்கம் பார்க்கவே விடவில்லை. பூங்காவில் மலர்க் கண்காட்சி நடந்தது. மகரந்தம் தொண்டைக்குள் போய்விடும் என்று முனீஸ்வரியின் வாயைச் சேலைத் தலைப்பால் மூடித்தான் கூட்டிப்போனாள். பேசாதே என்றும் வேறு சொல்லிக்கொண்டே வந்தாள். பொய்த் தொண்டைக்கட்டு இரண்டு நாளில் நிஜமாகிவிடும் போல இருந்தது. ஆள் போனதும் முனீஸ்வரி கதவைச் சாத்திக்கொண்டு தமிழ்மதியிடம் ஒரு நாள் பேச்சை ஒரு மணி நேரத்தில் பேசித் தீர்த்தாள். தமிழ்மதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாளே தவிர, ஒரு யோசனையும் சொல்லவில்லை.

நான்காம் நாள் சாயங்காலம் ஏரிக்கரையில் நடந்து வந்தபோது, ஒரு பெரிய ஹோட்டலின் புல்வெளியிலிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. வேலியோரம் கூட்டம் நின்றது. ஒச்சம்மாள் பார்க்க வேண்டும் என்றாள். உள்ளே வெளியூர்க்காரர்கள் நாற்காலியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். மேடையில் காதல் ஜோடிப் பாட்டு. ஆனால் ஆண் குரல், பெண் குரல் இரண்டையும் ஒரே ஆள் பாடிக்கொண்டிருந்தார். பெண் குரலின் முறை வரும்போதெல்லாம் அவர் கண்ணை மூடிக்கொண்டு கீச்சென்று இழுத்தார். நாற்காலிகளில் சிரிப்பு எழுந்தது.

சிவப்புக் கோட்டு, தலையில் தொப்பி, மார்பில் அக்கார்டியன். ராயப்பராஜ்தான். பக்கத்தில் அப்துல் வாஹித், கழுத்தில் பட்டாம்பூச்சி மாதிரி ஒரு டை கட்டிக்கொண்டு பாங்கோ தட்டினார்.

முனீஸ்வரிக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. சீசனுக்கு ஹோட்டலில் வாசிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். குழுவை எப்படிக் கழற்றிவிடுவது என்று தவித்துக்கொண்டிருந்தவருக்கு அவள் தொண்டைக்கட்டு சாமி கொடுத்த வரமாக வந்து சேர்ந்திருக்கிறது. அதற்குத்தான் குரல் தழுதழுத்திருக்கிறது. இந்த ஆளுக்காகவா நெஞ்சு உறுத்தியது?

ராயப்பராஜ் கண்ணைத் திறந்தார். வேலிக்கு மேல் முனீஸ்வரி, அவளுக்குப் பக்கத்தில் ஆண்டிச்சாமி. அக்கார்டியன் கறவை மாடு போல ஒரு தடவை கத்திவிட்டு நின்றது. வாஹித் சமாளித்து மேலும் பத்துத் தட்டுத் தட்டிப் பாட்டை முடித்துவைத்தார்.

இடைவேளையில் வேலியோரம் வந்தவரிடம் ஆண்டிச்சாமி வெள்ளந்தியாகத்தான் கேட்டார்.

"ஏன் சார், வேளாங்கண்ணி இம்புட்டு மேட்டுலயா இருக்கு?"

ராயப்பராஜ் தொப்பியைக் கழற்றினார். மாதா எல்லா ஊரிலும் ஒரே மாதாதான் என்றும், இங்கேயும் ஒரு கோயில் இருக்கிறது என்றும், காலையில் ஜெபம், சாயங்காலம் கைப் பழக்கம் விடாமல் இருக்கச் சும்மா கொஞ்சம் வாசிப்பு என்றும் கோர்த்துச் சொன்னார். ஆண்டிச்சாமி தலையாட்டிக்கொண்டார். ராயப்பராஜ் பிறகு முனீஸ்வரியைப் பார்த்தார். மேலே போர்வை, கழுத்தில் மப்ளர், வாயில் சேலைத் தலைப்பு. தலைப்புக்கு மேலே தெரிந்த இரண்டு கண்ணும் சிரித்துக்கொண்டிருந்தன. அவருக்கும் விளங்கிவிட்டது.

ஹோட்டல் மானேஜர் தூரத்தில் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார். வருவதாக இருந்த மதுரைப் பாடகி மலை வளைவில் வாந்தி எடுத்து, பாதியிலேயே திரும்பிப் போய்விட்டாளாம். நாளைக்கும் ஆண் குரலில்தான் பெண் பாட்டு என்றால் பெட்டியைக் கட்டிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டாராம். இதை வாஹித் வேலிக்கு இந்தப் பக்கம் வந்து, பாங்கோவைத் துடைக்கிற சாக்கில் முனீஸ்வரியின் காதில் போட்டார்.

ராயப்பராஜ் பாட்டு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, பென்சிலால் எழுதி நீட்டினார். "பாடும்மா."

அவள் கீழே எழுதினாள். "தொண்டை சரியில்லை."

"உன் தொண்டையைப் பத்தி எனக்குத் தெரியும்."

"உங்களைப் பத்தி எனக்கும் தெரியும்."

ஆண்டிச்சாமிக்குக் குழப்பமாகிவிட்டது. "தொண்டை அவுகளுக்குத்தான கட்டியிருக்கு? நீங்க எதுக்கு எழுதுறீக?"

ராயப்பராஜ் காதில் விழாத மாதிரி குனிந்துகொண்டார். முனீஸ்வரி நிதானமாக எழுதினாள்: இனிமேல் வருஷா வருஷம் மே மாதம் பத்து நாள் லீவு. அவர் பத்தை அடித்து ஐந்து என்று போட்டார். அவள் ஐந்தை அடித்துப் பத்து என்று போட்டு, 'குழுவில் எல்லாருக்கும்' என்று சேர்த்தாள். வாஹித் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, பென்சிலை வாங்கி அதற்குக் கீழே ஒரு கோடு இழுத்தார். மானேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். ராயப்பராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அப்போது அவர் சிரிக்கவில்லை.

முனீஸ்வரி அந்தத் தாளைக் கிழித்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். இனி குரல் வர வேண்டும். எப்படி வரும்? அவள் ஒச்சம்மாளின் கையிலிருந்த ப்ளாஸ்க்கை வாங்கி, மிச்சமிருந்த கசாயத்தை ஒரே மூச்சில் குடித்தாள். கண்ணை மூடிச் செத்த நேரம் நின்றாள். மெல்ல "ம்" என்றாள். அப்புறம் கொஞ்சம் பெரிதாக ஒரு ஆலாபனை இழுத்தாள். நான்கு நாள் அடைத்து வைத்திருந்த குரல் ஏரிக்கு அந்தப் பக்கம் வரைக்கும் போனது.

ஆண்டிச்சாமி கையெடுத்துக் கும்பிட்டார். அவள் மேடை ஏறி ஆறு பாட்டுப் பாடினாள். நாற்காலிகளில் இருந்தவர்கள் தேநீரை மறந்தார்கள். ஒச்சம்மாள் மட்டும் அமைதியாக ப்ளாஸ்க்கை மூடிப் பையில் வைத்துக்கொண்டாள். ஆண்டிச்சாமிதான் வேலியோரம் நின்றவர்களிடமெல்லாம், கசாயம் தன் சம்சாரம் காய்ச்சியது என்று சொல்லித் தீர்த்தார்.

மறுநாள் முனீஸ்வரி முதல் வேலையாகப் படகில் ஏறினாள். ஒச்சம்மாளையும் ஏற்றிக்கொண்டாள். ஆண்டிச்சாமிக்குத் தண்ணீர் பயம், கரையில் நின்றுகொண்டார். பெண்கள் இருவர் கையிலும் ஐஸ்கிரீம், எதிரே ஒச்சம்மாளின் சூது இல்லாத முகம். நடு ஏரி வந்ததும் முனீஸ்வரியால் தாங்க முடியவில்லை. எல்லாமே பொய் என்று ஒப்புக்கொண்டு, மன்னிக்கச் சொன்னாள்.

ஒச்சம்மாள் தன் ஐஸ்கிரீமை நக்கி முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

"ரெண்டாம் நாளே தெரியும் தாயி. துண்டை மறந்துட்டேன்னு திரும்பி வந்தேன். நீ உள்ளாற என்னை மாதிரியே பேசிக் காட்டிக்கிட்டு இருந்த. நல்லாத்தான் பேசின."

முனீஸ்வரிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பிறகு ஏன் தினமும் கசாயம் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டாள்.

"உனக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லியிருந்தா, அன்னிக்கே அவுக என்னைய பஸ்ஸுல ஏத்தியிருப்பாக. கலியாணமாகி முப்பது வருசம். தோட்டத்தையும் மாட்டையும் விட்டு ஒரு நாள் நான் எங்கயும் தங்குனதில்ல." கையை ஏரித் தண்ணீரில் விட்டு அளைந்தாள். "நாலு நாள் ராணி மாதிரி இருந்தேன். கசாயத்துல வேப்பம்பட்டை மட்டும் கொஞ்சம் கூடப் போட்டேன். என்னைய அப்பிடிப் பேசிக் காட்டுனதுக்கு."

முனீஸ்வரி சிரித்த சிரிப்பில் படகு ஆடியது. படகுக்காரன் உட்காரச் சொல்லி அதட்டினான். கரையிலிருந்து ஆண்டிச்சாமி, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று துண்டை வீசிக் கூப்பிட்டார். ஒச்சம்மாள் காது கேட்காதவள் போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு, படகுக்காரனிடம் இன்னொரு சுற்றுப் போகச் சொன்னாள்.