காலை வரைக்கும்

1
இந்தக் கதை ஒரு சொல்லைத் தவறாகப் படித்ததில் பிறந்தது. படித்தது நானில்லை, ஆர்கிரோ. லாரிசாவில் அவள் டாக்டராக இருக்கும் மருத்துவமனை வாசலில் நான் இரவுக் காவல்.

முதல் தொடக்கம்: ஆற்றின் மேல் ஒரே நாள் வாழும் பூச்சிகள் பொன்னாக மின்ன...

வேண்டாம். பூச்சிகளுக்கு இங்கே வேலையில்லை.

2
எங்கள் கிரேக்க மொழியில் 'மேரா' என்றால் நாள். ஒரு நாளோடு முடிவது 'எஃபீமெரோ'. செய்தித்தாள் 'எஃபிமெரிதா'. டாக்டரின் முறை டூட்டி 'எஃபிமெரியா'. எல்லாம் ஒரே வேர். (பல்கலைக்கழகத்தில் நான் இருந்த வரையில் படித்தது இவ்வளவுதான்.)

3
எள் ரொட்டி விற்கும் லாம்பிஸ் நேற்று ஆர்கிரோவுக்குச் செய்தி அனுப்பினான்: "நம்ம காதல் எஃபீமெரோவா?" நோயாளிகளுக்கு நடுவே அவள் கடைசிச் சொல்லை மட்டும் பார்த்து, அதையும் 'எஃபிமெரியாவா?' என்று படித்துப் பதில் போட்டாள்: "ஆமா. காலை வரைக்கும்."

விடிந்ததும் அவன் பயணப் பெட்டியோடு வாசலில் என் முன்னால் நின்றான்.

"ஸ்தேரியோ, நான் ஏதென்ஸ் போறேன்டா. காலை வரைக்கும்னு கெடு வெச்சுட்டா."

"பஸ் ஸ்டாண்ட் அந்தப் பக்கம். இங்க ஏன் நிக்கிறே?"

"ரொட்டி சூடா இருக்கு. ராத்திரி பூரா சாப்பிட்டிருக்க மாட்டா."

[இந்த இடத்தில் லாம்பிஸை எனக்கே நம்ப முடியவில்லை. துரத்தப்பட்டவன் ரொட்டியைத் துண்டில் பொத்தி வைப்பானா? அந்த வரியை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். பொத்தித்தான் வைத்திருந்தான்.]

ஆர்கிரோ வெளியே வந்தாள்.

"என்ன பெட்டி? எவளோட ஓடுறே?"

"நீதானே காலை வரைக்கும்னு சொன்னே?"

அவன் போனைப் பிடுங்கிப் படித்தாள். சுவரில் சாய்ந்து சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

"மடையா! டூட்டியான்னு நீ கேக்குறேன்னு நெனச்சேன்டா. மனுஷன் பேசுற வார்த்தையில கேக்கக் கூடாதா?"

"சரி, இப்ப கேக்குறேன். எத்தனை நாளைக்கு?"

4
ஒரு சோக முடிவு எழுதிப் பார்த்தேன். அவள் சிரித்த சிரிப்புக்கு அது பொய்.

இன்னொன்றில் அவள் அழகாக ஒரு வாக்கியம் பேசி, அதைக் கேட்டு அவன்... அதுவும் பொய். நடந்தது இது: அவள் ரொட்டியை வாய் நிறையக் கடித்துக்கொண்டு என்னவோ சொன்னாள். எள் தெறித்தது. எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. லாம்பிஸுக்கு விளங்கியது. என் தொப்பியைப் பிடுங்கி வானத்தில் எறிந்தான்.

அவள் சொன்னதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எந்தச் சொல்லையும் போடலாம். ஏதென்ஸ் பஸ் ஓர் இருக்கை காலியாகக் கிளம்பிப் போனதை மட்டும் மாற்றாதீர்கள்.